பெத்த பிள்ளையானாலும் ஓடிபி கிடையாது

நேற்று ராத்திரி, கறிக்குழம்பு மயக்கம் கண்ணைக் கட்டுவதற்குள் படத்தைப் பார்த்துவிடலாம் என்று டிவியைப் போட்டால், "இந்த டிவி உங்கள் கணக்குக்குரிய வீட்டைச் சேர்ந்தது அல்ல" என்கிறது. அந்த ஓடிடி ஆப்புக்கு வருடச் சந்தா கட்டுவது என் கார்டு. டிவி தவணை என் தலையில். உட்கார்ந்திருக்கும் வீடு அப்பா பேரில். ஆனாலும் அந்தக் கணக்குக்கு உரிய வீடு திருச்சியில் மச்சான் வீடுதானாம். அக்கா கேட்டாளே என்று தீபாவளிக்குப் போனபோது அங்கே லாகின் செய்து கொடுத்ததுதான். சீர்வரிசையில் போன பண்டம் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் உண்டா?

கீழே "பயணத்தில் இருக்கிறேன்" என்று ஒரு பொத்தான் இருந்தது. சொந்த வீட்டு சோபாவில் லுங்கியோடு உட்கார்ந்துகொண்டு அதை அழுத்தினேன். ஓடிபி அனுப்பியாகிவிட்டது என்றது. போனது அப்பா நம்பருக்கு. (என் சிம் செத்துக் கிடந்த சமயத்தில் கணக்குக்கு அவர் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தேன்.)

அப்பா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, மெசேஜை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்துவிட்டு, போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நம்பர் என்னப்பா?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கான்."

கொஞ்ச காலம் முன்பு வரை யாருக்குப் போன் போட்டாலும் ரிங் போவதற்கு முன்னால் சைபர் மோசடிப் பிரசங்கம் ஒன்று ஓடியதே, நாமெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தோம். இந்த நாட்டிலேயே அதை ரசித்துக் கேட்டு, மனப்பாடம் செய்து, அதன்படி நடப்பவர் எங்கள் அப்பா ஒருவர்தான்.

"பெத்த பிள்ளைகிட்ட கூடவா?"

"பிள்ளை குரல்லயே பேசி ஏமாத்துறானுங்களாம்."

நான் எதிரில் நிற்கிறேன். ஆதார் கார்டை எடுத்துக் காட்டலாமா என்று யோசிப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிட்டது. இன்னொன்று வரவழைத்தேன். அதையும் படித்தார். அதுவும் பைக்குள் போனது.

அவருக்கு இந்தச் சேவைகள் மேல் மரியாதையே கிடையாது. அவர் நம்புவது பழைய லேப்டாப்பில் இருக்கும் ஆரஞ்சுக் கூம்பை, அதாவது படம் ஓட்டும் விஎல்சி பிளேயரை மட்டும்தான். பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரிப் பையன்கள் 1996-ல் ஆரம்பித்த வேலைதான் விஎல்சி, 2001-லிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள், இன்றுவரை காசும் கிடையாது, விளம்பரமும் கிடையாது என்று ஒருநாள் வாயை விட்டேன். "அப்ப அந்தப் பசங்க சாப்பாட்டுக்கு என்னடா பண்றாங்க?" என்று ஒரு வாரம் கவலைப்பட்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் கூம்புக்கு சிவப்புக் குல்லா போட்டுவிடுவார்கள். முதல் தடவை அதைப் பார்த்த அன்றைக்கு, வைரஸ் என்று லேப்டாப்பை மூடி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

சத்தம் எப்போதும் 125-ல். நூறைத் தாண்டலாம் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, எதிர் வீட்டுக்காரர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மலையாளப் படம் போட்டால், ஆள் வாயைத் திறப்பதற்கு முன்பே சப்டைட்டில் வந்து கொலைகாரன் யார் என்று சொல்லிவிடும். ஹெச் எழுத்தைத் தட்டத் தட்ட சப்டைட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். ஒவ்வொரு தடவையும் அந்த எழுத்தைத் தேட முடியவில்லை என்று அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டியிருக்கிறார். எங்கள் லேப்டாப்பில் சுமங்கலியாக இருக்கும் ஒரே கீ அதுதான்.

சரி, படம் போயே போச்சு. அப்பா லேப்டாப்பை டிவியில் சொருகி, அக்கா கல்யாண டிவிடியைப் போட்டார். டிவிடி பிளேயரே துப்பிவிட்ட தட்டு. கூம்பு திக்கித் திணறி ஓட்டியது. தாலி கட்டும் இடத்தில் மட்டும் கீறல், மச்சான் முடிச்சு போடுவதும் கையை எடுப்பதுமாக இருந்தார். அப்புறம் பந்தி வந்தது. பாட்டி கேமராக்காரரை நிறுத்தி "நீ சாப்பிட்டியாப்பா?" என்கிறாள். அம்மா திரும்பப் போடச் சொன்னாள். அப்பா போட்டார். மறுபடியும் சொன்னாள். எனக்கும் புதுப் படம் மறந்துபோனது.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்று காலையில் அடுத்த வருடச் சந்தாவைப் பிடித்துவிட்டதாக மெசேஜ். 15,000 ரூபாய் வரை ஆட்டோ டெபிட்டுக்கு ஒவ்வொரு தடவையும் ஓடிபி தேவையில்லை என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. இதை அப்பாவிடம் விளக்கியிருக்கவே கூடாது.

"நான்தான் நம்பரே சொல்லலையே, அப்புறம் எப்படிடா எடுத்தான்?" என்று என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கிறார்.