வெளிச்சத்துக்குப் பிடித்த படம்

கல்முனை பஸ். யன்னலோரத்தில் ஒரு பிள்ளை தன்ர எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறா.

"ரெண்டு கருக்குழாயும் அடைப்பாம். இனிப் பிள்ளை உண்டாக ஏலாதாம்," எண்டா பக்கத்திலிருந்த மாமி, புருசன்ர தாய்.

ஏலாது என்று அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

எக்ஸ்ரே எடுக்கக் கருப்பைக்குள் விட்ட மருந்து எங்கே நின்றது என்று பாருங்கள். கருப்பையை ஒட்டிய மூலையிலேயே நின்றால், அது வெறும் தசை இறுக்கமாகவும் இருக்கலாம். லப்பரஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளையிட்டுக் கமரா விட்டுப் பார்ப்பது) நீலச்சாயம் விட்டு உறுதிப்படுத்த வேணும். மெல்லிய கம்பி விட்டே திறக்கிற அடைப்புகளும் உண்டு.

சூலகப் பக்க நுனி அடைத்து, குழாய் நீர்கோத்து வீங்கியிருந்தால் வேறு கதை. சுவர் மெல்லியதாய், உள்மடிப்புகள் நல்லாயிருந்தால் நுனியைத் திறந்து, பூவிதழ்போல் வெளியே மடித்துத் தைப்பார்கள். சுவர் தடித்துப்போனால் திறந்தும் பயன் குறைவு, திரும்ப ஒட்டிவிடும். அந்தக் குழாயை எடுத்துவிட்டோ, கருப்பைப் பக்கம் கிளிப் போட்டோ ஐவிஎப் (உடலுக்கு வெளியே கருவாக்கிக் கருப்பைக்குள் வைப்பது) செய்வதுதான் நல்லது. இல்லாவிட்டால் அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து, கரு ஒட்டுவதைக் கெடுக்கும். குழாயை எடுக்க வேணும் என்றதும் உடைந்துபோகிற பெண்களுக்கு இதை ஆறுதலாக இருந்து விளக்க வேணும்.

அப்படித் திறந்துவிட்ட குழாயிலேயே கரு தங்கிவிடும் ஆபத்து அதிகம். மாதவிடாய் தள்ளிப்போனால், கடைசி மாதவிடாயிலிருந்து 6 கிழமையளவில் ஸ்கேன். ஒருபக்க வலி, மயக்கம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மாமி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கு: கத்தி வைக்கமுதல், மகனின் விந்துப் பரிசோதனை முடிந்ததா?