கடைசிக் கட்டி தெரியும் குழாய்

காட்பாடியில் ரயிலிறங்கி, கையில் ஃபைலோடு வேலூருக்கு வரும் குடும்பங்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அவருக்கு ஓ குரூப், எனக்கு பி. என் கிட்னியை அவருக்கு வைப்பாங்களா சார்?" இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-இல் இந்த ஊரில்தான் நடந்தது. அன்று இந்தக் கேள்விக்கு வாசலிலேயே பதில் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இன்று டைட்டர், அதாவது ஓ குரூப்காரர் ரத்தத்தில் பி-க்கு எதிராக இருக்கும் எதிர்ப்பொருளின் (ஆன்டி-பி) அளவு, பார்த்த பிறகுதான் பேச்சு.

நோயாளியின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) சலைன் உப்புநீரில் 2, 4, 8, 16 என இரட்டித்து நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு குழாயிலும் பி சிவப்பணுவைச் சேர்க்கிறோம். எதிர்ப்பொருள் இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கட்டி தெரியும் கடைசிக் குழாய் 64 என்றால் டைட்டர் 64. ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள் அறை வெப்பத்தில் தெரியும். ஐஜிஜி வகை தெரிய 37 டிகிரியில் வைத்து, கழுவி, ஐஜிஜி ஒட்டிய அணுக்களைச் சேர்த்துக் கட்டும் கூம்ப்ஸ் சீரம் விட வேண்டும். பிப்பெட் முனையை மாற்றாமல் நீர்த்தால் எண் பொய்யாக ஏறும். சரியாகக் கழுவாவிட்டால் பொய்யாக இறங்கும். ஏசி நின்றுபோன மே மாத மதியத்தில் 'அறை வெப்பம்' என்பதற்கே அர்த்தமில்லை, ஐஜிஎம் மங்கிவிடும். ஜெல் அட்டை என்ற வேறு முறையில் பார்த்ததையும் குழாயில் பார்த்ததையும் ஒப்பிடவே கூடாது. ஒரே ஆள் இருமுறை பார்த்தாலும் ஒரு குழாய் முன்பின் வரும். முந்தைய மாதிரியை உறைய வைத்திருந்து, புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நம்பகமானது.

அறுவைக்கு 2 முதல் 4 வாரம் முன்பு ரிட்டுக்சிமாப் என்ற மருந்து போடுவார்கள். அது எதிர்ப்பொருள் செய்யும் செல்களாக மாறும் பி செல்லை (இது ஒரு வெள்ளையணு வகை, பி குரூப் அல்ல) அழிக்கும். ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் எதிர்ப்பொருளைத் தொடாது. அதை எடுக்கப் பிளாஸ்மா மாற்றம் வேண்டும், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு வேறு திரவம் ஏற்ற வேண்டும். ஒரு முறை செய்தால் டைட்டர் ஏறக்குறைய ஒரு குழாய், அதாவது பாதியாக, இறங்கும். ஐஜிஜியில் பாதிக்கு மேல் ரத்தக் குழாய்களுக்கு வெளியே இருப்பதால் மறுநாளே கொஞ்சம் திரும்பி வரும். அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள். பல மையங்கள் 8 அல்லது 16-க்கு இறங்கிய பிறகே தியேட்டருக்கு அனுப்புகின்றன.

பிழை நுழையும் இடம் ஏற்றும் ரத்தப் பை. இந்த நோயாளிக்குச் சிவப்பணு ஓ குரூப்பில், பிளாஸ்மா பி அல்லது ஏபி குரூப்பில். பழக்கத்தில் 'ஓ நோயாளிக்கு ஓ பிளாஸ்மா' கொடுத்தால், நாலு நாள் பாடுபட்டு வெளியேற்றிய ஆன்டி-பியை நாமே திருப்பி ஏற்றுகிறோம். இரவு ஷிப்டில் இது நடக்கக்கூடியதே. கேஸ் ஷீட்டில் சிவப்பணுவுக்கும் பிளாஸ்மாவுக்கும் தனித்தனி வரி எழுதி, சிவப்பு மையில் கட்டம் போடுவது அலங்காரத்துக்கு அல்ல.

அறுவைக்குப் பின் முதல் இரண்டு வாரம்தான் கத்தி மேல் நடை. பிறகு டைட்டர் ஏறினாலும் பெரும்பாலும் சிறுநீரகம் தாங்கிக்கொள்கிறது. பயாப்சியில் சி4டி (எதிர்ப்பொருள் வந்து ஒட்டியதன் தடயமான புரதத் துண்டு) ஒட்டியிருப்பதை மட்டும் வைத்து நிராகரிப்பு என்று எழுத முடியாது.

ஓ, பி என்ற குரூப் வேறுபாடே செல்லின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரை மூலக்கூறுகளின் வேறுபாடுதான். மனிதனுக்கு வைக்கும் பன்றி உறுப்பிலும் முதல் எதிரி அப்படியொரு சர்க்கரைதான். பன்றிச் செல்லின் மேலிருக்கும் ஆல்ஃபா-கால் என்ற அந்தச் சர்க்கரை மனிதனிடம் இல்லை. குடல் கிருமிகளால் அதற்கெதிரான எதிர்ப்பொருள் எல்லோரிடமும் உண்டு. இங்கே நோயாளியின் எதிர்ப்பொருளை இறக்குகிறோம். அங்கே பன்றியின் ஜீனை வெட்டிச் சர்க்கரையையே எடுத்துவிடுகிறார்கள். 2022-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு நோயாளிக்கு வைத்த இதயம் 10 ஜீன் மாற்றம் செய்த பன்றியுடையது. நோயாளி சுமார் இரண்டு மாதம் இருந்தார். ஆல்ஃபா-காலோடு சேர்த்து இப்படிப்பட்ட மூன்று சர்க்கரைகளை நீக்கியும் சிலரின் சீரம் பன்றிச் செல்லோடு ஒட்டுகிறது. அதனால் அங்கும் ஆளுக்கு ஆள் கிராஸ்மேட்ச், அதாவது சீரத்தைச் செல்லோடு சேர்த்து ஒட்டுகிறதா என்ற சோதனை, பார்த்தாக வேண்டும்.