எஞ்சின் கட்டிய புல்லட்டில் கியர் விழாதபோது

1950களின் நடுவில் எண்ணூர்ப் பக்கம் திருவொற்றியூரில் தொடங்கிய ஆலையிலிருந்து வந்த பழைய புல்லட் 350இல் எஞ்சின் வேறு, கியர் பாக்ஸ் வேறு. ஆல்பியன் என்ற பிரிட்டிஷ் கம்பெனி வகை நாலு கியர் பெட்டி, நான்கு ஸ்டட்டில் (மரை போட்ட கம்பிகளில்) எஞ்சினின் முதுகில் மாட்டியிருக்கும். எஞ்சினைப் பிரித்து போர் அடித்து (சிலிண்டர் துளையைக் கடைந்து) கட்டியதும் வண்டிக்காரர் சொல்லும் முதல் புகார், "எஞ்சின் அருமை, ஆனா கியர் விழல." உடனே பெட்டியைத் திறக்கத் தோன்றும். திறக்கக் கூடாது. எஞ்சின் வேலையில் பெட்டியின் உள்ளே யாரும் கை வைக்கவில்லை. கை பட்டது இடது பக்கம்: கிளட்ச், எஞ்சினிலிருந்து கிளட்சைச் சுழற்றும் பிரைமரி செயின், கிளட்ச் கேபிள். தேடலும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் கிளட்ச் லிவரை முழுசாகப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக மிதிக்கவும். இந்த வண்டியில் கிக்கர் கியர் பாக்ஸ் வழியாக, கிளட்சைத் தாண்டித்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. கிளட்ச் சரியாகப் பிரிந்தால் கிக்கர் லேசாக இறங்கும், எஞ்சின் அசையாது. கம்ப்ரஷன் காலில் தட்டுகிறதென்றால் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நின்ற வண்டியில் முதல் கியர் 'கடக்' என்று விழுவதும், எஞ்சின் ஓடும்போது நியூட்ரல் கிடைக்காததும் பெரும்பாலும் இதனால்தான். பிளேட் வளைந்திருக்கலாம். ஸ்ப்ரிங்குகளில் ஒன்று குட்டையாகிவிட்டால் பிரஷர் பிளேட் சாய்ந்து எழும். கவரைக் கழற்றி, கிளட்ச் பிடித்தபடி கிக்கரை மிதித்தால் அந்தத் தள்ளாட்டம் கண்ணுக்கே தெரியும்.

பிறகு புஷ் ராடு, அதாவது கிளட்சைத் தள்ளிப் பிரிக்கும் கம்பி. கேபிளைத் தளர்த்திவிட்டு, வலது கவரில் உள்ள சிறு மூடியைத் திறந்து, லாக் நட்டை விட்டு, திருகை ராடு தொடும் வரை உள்ளே விடவும். தொட்ட இடத்திலிருந்து கால் முதல் அரைச் சுற்று வெளியே எடுத்து நட்டை இறுக்கவும். கேபிள் அட்ஜஸ்ட் அதற்குப் பின்புதான். லிவர் நுனியில் 2 முதல் 3 மி.மீ. லூஸ் வேண்டும். வரிசை மாறினால் கேபிளில் எவ்வளவு திருகினாலும் பயனில்லை. லூஸே இல்லாமல் ஓட்டினால் ராடு நுனி சூடேறி நீலம் பாய்ந்து தேயும். அந்த ராடை மாற்றுவதுதான் வழி, உரசித் தீட்டி மறுபடி போடுவது வீண்.

பிரைமரி செயினை இறுக்கமான இடத்தில் அளக்க வேண்டும். எஞ்சினைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடங்களில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் சுமார் 6 மி.மீ. ஆட்டம் விடவும். பெட்டி எஞ்சினோடு இறுகியிருப்பதால் அதை நகர்த்தி இறுக்க முடியாது. செயினைக் கீழிருந்து அழுத்தி இறுக்கும் ஸ்லிப்பர்தான் ஒரே வழி. புது செயினென்று டைட்டாக விட்டால், சூடானதும் இன்னும் இறுகி பெட்டியின் மெயின் ஷாஃப்டையும் (கிளட்ச் மாட்டிய தண்டு) எஞ்சினின் கிராங்க் பேரிங்கையும் ஒன்றாகச் சாப்பிடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கியர் தவறுகிறதென்றால் வலது பக்கம் போகலாம். மேலே ஒன்று, கீழே மூன்று என்ற இந்த அமைப்பில் கால் லிவருக்கும் செலக்டருக்கும் (உள்ளே கியரை நகர்த்தும் பகுதி) நடுவே, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கியர் நகர்த்தும் பல் அமைப்பான ராட்செட்டும், அதன் வீச்சைக் கட்டுப்படுத்தும் ஸ்டாப் பிளேட்டும் உண்டு. பிளேட்டின் துளைகள் நீளமானவை. கழற்றிப் பூட்டியவர் மறுபடி அதே இடத்தில் வைத்தாரா என்பதே கேள்வி. மேல் மிதி எட்டாமல் போய், கீழ் மிதி தாண்டிப்போனால் பிளேட் இடம் மாறியிருக்கிறது. இரண்டு பக்கமும் எட்டவில்லை என்றால் ராட்செட் பல்லோ ஸ்ப்ரிங்கோ போய்விட்டது. பிளேட்டைத் திருப்பி என்ன பயன்? நகர்த்துமுன் கேசில் ஊசியால் கோடு கீறிவிட்டு, அரை மி.மீ. நகர்த்திப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றி எல்லா கியரும் போட்டுப் பார்க்கவும்.

இங்கே நியூட்ரல் ஃபைண்டர் என்ற, நேரே நியூட்ரலுக்குக் கொண்டுவரும் தனி லிவர் ஒரு நல்ல சாட்சி. பலர் அதை அலங்காரமாகத்தான் நினைக்கிறார்கள். ராட்செட்டைத் தாண்டி நேரே செலக்டரை இழுப்பது அது. 2, 3, 4இலிருந்து சுத்தமாக நியூட்ரலுக்கு வருகிறது, காலில் மட்டும் தடுமாறுகிறது என்றால் நோய் ராட்செட் பக்கம்தான். முதல் கியரிலிருந்து மட்டும் அது வேலை செய்யாது, அது பழுதில்லை.

பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும் என்று சொல்லும் அறிகுறிகள் வேறு. லோடில் ஒரு கியர் மட்டும் நழுவினால் டாக் (கியர்களை ஒன்றோடொன்று பூட்டும் பல்) முனைகள் உருண்டிருக்கும், அல்லது கியரை நகர்த்தும் ஃபோர்க் வளைந்திருக்கும். டாக்கை ஜோடியாக மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் புதியதும் சீக்கிரம் உருளும். 1, 2, 3இல் ஊளைச் சத்தம், டாப்பில் (நாலாவது கியரில்) அமைதி என்றால் லே ஷாஃப்ட், அதாவது மெயின் ஷாஃப்டுக்கு இணையான துணைத் தண்டு, பக்கம் பார்க்கவும். டாப் கியர் நேரடி என்பதால் அப்போது அந்தப் பற்களில் சுமை இல்லை. நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்ச் பிடித்ததும் நின்றால், மெயின் ஷாஃப்டோடு சுற்றும் பகுதி.

மூடும்போது உள் கவர் நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு இறுக்கலுக்கும் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்க்கவும். கேஸ்கட் தடிமன் மாறினால் ஷாஃப்டின் பக்க ஆட்டமும் மாறும். கேஸ்கட் இல்லாமல் வெறும் பசையில் மூடிய பெட்டி இறுகிப்போவதும், தடித்த கேஸ்கட் போட்ட பெட்டியில் கியர் அலைவதும் இதனால்தான். பெட்டிக்குத் தண்ணிபோன்ற எண்ணெய் மட்டும் ஊற்றினால் சில நாளிலேயே ஸ்ப்ராக்கெட் பின்னால் ஒழுகும். பழைய பெட்டிக்குக் குழைவான கிரீஸ்தான் ஒத்துவரும். அந்த ஸ்ப்ராக்கெட்டைத் தொட நேர்ந்தால், அதன் நட் இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த் திசையில் சுற்றினால்தான் கழலும்.