சிக்னல் இல்லாத மலை

ஜூன் 3, திங்கள்
விடுமுறை. அண்ணன் கூப்பிடவில்லை. பூட்ஸுக்கு மெழுகு தேய்த்தேன். இடது பூட்ஸில் தையல் விட்டிருக்கிறது.

ஜூன் 4
மழை.

ஜூன் 5
சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தால் எடுத்து மடிக்கவே மனம் வரவில்லை. ஸ்லீவ் கார், 721 மீட்டர். நம் ஊரில் இதற்குப் பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அயர்லாந்திலேயே சாலைக்கு எட்டாமல் ஒதுங்கிக் கிடக்கும் மலை இதுதான் என்கிறார்கள். வார்டில் கூட வேலை செய்யும் பெண்மணி, மலை இருக்கும் மேயோ மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். “அங்கே போய் என்ன பார்ப்பாய், ஒன்றுமே கிடையாதே?” என்றார்.
சிக்னலும் கிடையாதாம். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஜூன் 7
அண்ணன் ஒரே வரி அனுப்பியிருந்தான்: ரிப்போர்ட் நாளைக்கு.

ஜூன் 8, சனி
லெட்டர்கீனில் காரை விட்டபோது காலை எட்டு மணி. முதலில் ஸிட்கா ஸ்ப்ரூஸ் காடு, வரிசையாக நட்டது, உள்ளே ஒரு பறவைச் சத்தம் இல்லை. அப்புறம் பாங்கர் பாதை. அந்தக் காலத்தில் மாடு ஓட்டிப் போன வழி. இப்போது பாதி இடத்தில் ஓடை எது பாதை எது என்றே தெரியவில்லை.

ஸ்கார்டான் ஏரிகளுக்குக் கீழே இடது கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. இழுக்க இழுக்கச் சதுப்பு ‘சளக்’ என்று உறிஞ்சியது. மக்காத பாசி படிந்து படிந்து பீட் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம். அரை மீட்டர் என்றால் ஐந்நூறு வருஷம். மண்டியிட்டபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், ஊரில் மணி என்ன என்ற கணக்கையும் சேர்த்து. நாலரை மணி நேரம் கூட்ட வேண்டும்.

கை ஊன்றிய இடத்தில் ஒரு பூச்சியுண்ணிச் செடி. நகத்தளவு சிவப்பு இலை, ஓரமெல்லாம் பசைத்துளி. ஒட்டிக்கொண்ட கொசு ஒரு காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. விடுவிக்கலாமா என்று பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன்.

உச்சியில் பெரிய கற்குவை. ஊருக்கு வெளியே காட்டில் சிறு வயதில் பார்த்தது போலவே. மேற்கே அக்கில் தீவு, கடல். கீழே எத்தனை மைலுக்கும் ஒரு கூரை இல்லை. வெண்பஞ்சுப் புல் மட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

பையில் போன் அதிர்ந்தது.

ஒரே ஒரு கோடு சிக்னல். அண்ணன், இரண்டு மிஸ்டு கால். எந்த மடையன் சொன்னான் இங்கே சிக்னல் இல்லை என்று? அணைத்துவிட்டேன். கையை உதறிக்கொண்டு கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். ஊறுகாயை மறந்திருக்கிறேன்.

ஜூன் 9, காலை 5
வெளிச்சம் வந்துவிட்டது. பூட்ஸுக்குள் பேப்பர் திணித்து வைத்ததை எடுத்து மாற்றினேன். இடதுக்குள் இன்னும் ஈரம்.
அங்கே ஒன்பதரை. அம்மா காபி குடித்திருப்பாள்.

5.20
போனை ஆன் செய்தேன்.