முனகும் சர்வோ: நைட்ரோ காரில் த்ரோட்டில் வீச்சைச் சரிசெய்த கதை

ஒருவர் ஓட்டி அலுத்துப்போய் விற்ற, நிஜக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள நைட்ரோ கார் ஒன்றை, அதாவது நைட்ரோ எரிபொருள் எஞ்சினில் ஓடும் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரிக் காரை, வாங்கினேன். சுவிட்சைப் போட்டு, கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டரின் டிரிக்கரை முழுக்க இழுத்தபோது உள்ளேயிருந்து மெல்லிய முனகல் ஒன்று கேட்டது, விட்டதும் அடங்கியது. சர்வோ (ரேடியோ சிக்னலுக்கு ஏற்பத் திரும்பும் சிறு மோட்டார்) என்றால் இப்படித்தான் சத்தம் போடும் போலும் என்று எண்ணி, இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். மூன்றாவது வாரம் சர்வோவின் பிளாஸ்டிக் பற்சக்கரத்தில் ஒரு பல் முறிந்தது. புதிய சர்வோவை மாட்டியபோதுதான், பழையது எதை எதிர்த்து அத்தனை நாளாக முனகிக்கொண்டிருந்தது என்பது புரிந்தது.

நைட்ரோ காரில் ஒரே சர்வோ இரண்டு வேலைகளைச் செய்கிறது. நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் திரும்பினால் கார்புரேட்டரின் ஸ்லைடை, அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் நகரும் அடைப்பைத் திறக்கிறது; இதுதான் த்ரோட்டில். மறுபக்கம் திரும்பினால் பிரேக்கை இறுக்குகிறது. காரிலுள்ள ரிசீவர் சர்வோவுக்கு அனுப்பும் மின் துடிப்பு நடுநிலையில் 1.5 மில்லி வினாடி நீளமும், இரு முனைகளில் ஏறக்குறைய 1, 2 மில்லி வினாடி நீளமும் கொண்டது. டிரான்ஸ்மிட்டரில் எண்ட் பாயிண்ட் என்றும் ஈ.பி.ஏ. என்றும் சொல்லப்படும் அமைப்பு, முழு டிரிக்கருக்கு இந்தத் துடிப்பு நடுநிலையிலிருந்து எவ்வளவு தூரம் விலகலாம் என்பதைச் சதவீதமாகத் தீர்மானிக்கிறது. ஸ்லைடு முழுதாகத் திறந்து அதன் தடுப்பில் முட்டிய பிறகும் இன்னும் போ என்று துடிப்பு சொன்னால், சர்வோ போக முடியாத இடத்துக்குப் போக முயன்று, பேட்டரியை உறிஞ்சி, சூடாகி, கடைசியில் பல்லை உடைத்துக்கொள்கிறது. எனக்கு விற்றவர் கூடுதல் வேகம் கிடைக்கும் என்று நம்பி த்ரோட்டில் பக்கத்தின் எண்ட் பாயிண்டை 120 சதவீதத்தில் வைத்திருந்தார். முழுதாகத் திறந்த கார்புரேட்டர் அதற்கு மேல் திறப்பதில்லை என்பதால், அந்த 20 சதவீதம் முழுவதும் முனகலாகவே செலவானது.

இதைச் சரிசெய்யும்போது புதியவர்கள் டிரான்ஸ்மிட்டரின் எண்களிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அது தவறு. எண்ட் பாயிண்ட் கடைசியில் தொட வேண்டியது. முதலில் சர்வோவின் தண்டில் மாட்டியிருக்கும் ஆர்மையும் (சிறு கை), அதை ஸ்லைடுடனும் பிரேக்குடனும் இணைக்கும் கம்பிகளையும் ஒழுங்காக்க வேண்டும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, டாங்கில் எரிபொருள் இல்லாமல், ஏர் ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டரின் வாய் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டேன். டிரான்ஸ்மிட்டரை முதலில் போட்டு, ரிசீவரைப் பிறகு போட்டேன். அணைக்கும்போது இந்த வரிசை தலைகீழாகும். நடுநிலையைச் சிறிதளவு நகர்த்தும் ட்ரிம், சப் ட்ரிம் இரண்டையும் பூஜ்யத்திலும் எண்ட் பாயிண்டை 100 சதவீதத்திலும் வைத்துவிட்டு, நடுநிலையில் சர்வோ ஆர்ம் கம்பிக்குச் செங்குத்தாக நிற்கும்படி மாட்ட முயன்றேன். 25 பற்கள் கொண்ட தண்டில் ஒரு பல் தள்ளி மாட்டினால் 14.4 டிகிரி மாறிவிடும். ஆகவே மிக நெருங்கிய பல்லில் மாட்டி, மிச்சமுள்ள சிறு சாய்வை மட்டும் சப் ட்ரிம்மால் நேராக்கினேன்.

அடுத்து, ஆர்மில் எந்தத் துளையில் கம்பி கோத்திருக்கிறது என்பது. மையத்திலிருந்து 14 மில்லிமீட்டர் தள்ளியிருந்த வெளித்துளையில் 40 டிகிரி திரும்பினால் கம்பி ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் நகர்கிறது. 10 மில்லிமீட்டர் துளையில் 6.4 மட்டுமே. என் ஸ்லைடுக்குத் தேவைப்பட்டது சுமார் 6. வெளித்துளையிலேயே விட்டுவிட்டு எண்ட் பாயிண்டை அறுபதுகளுக்குக் குறைத்தாலும் முனகல் நின்றிருக்கும்தான், ஆனால் சர்வோவின் இழுவிசையும் டிரிக்கரின் நுணுக்கமும் சேர்ந்தே குறைந்திருக்கும். உள்துளைக்கு மாற்றியதும் 94 சதவீதத்தில் ஸ்லைடு முழுதாகத் திறந்து சத்தமின்றி நின்றது. எண்ட் பாயிண்ட் வசதி இல்லாத மலிவான டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் துளைத் தேர்வு ஒன்றுதான் வழி. அவர்கள் நொந்துகொள்ளத் தேவையில்லை, பெரும்பகுதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

நடுநிலையில் ஸ்லைடு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும். ஒரு மெல்லிய துளையூசியைக் கார்புரேட்டரின் வாயில் வைத்து அளந்தேன். இந்த இடைவெளியை, ஸ்லைடு முற்றாக மூடாமல் தடுக்கும் ஐடில் திருகாணியால்தான் வைக்க வேண்டும். ட்ரிம்மால் வைத்தால், பிரேக் பிடிக்கும் நொடியில் ஸ்லைடு முற்றாக மூடி எஞ்சின் அணைந்துவிடும்.

பிரேக் பக்கம்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. சர்வோ பிரேக்குக்குப் போகும்போது ஸ்லைடு ஏற்கெனவே திருகாணியில் முட்டி நிற்கும்; ஆகவே த்ரோட்டில் கம்பி ஆர்மின் வழியே நழுவ இடம் வேண்டும். அதற்காகத்தான் கம்பியில் காலரும் (திருகி நிறுத்தும் சிறு வளையம்) சிறு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. பழைய உரிமையாளர் அந்தக் காலரை இறுக்கமாக நெருக்கி வைத்திருந்ததால், பிரேக் பிடிக்கும்போதும் சர்வோ முனகியது. காலரைச் சற்று தளர்த்தித் தள்ளி வைத்தேன். பிரேக் கம்பியின் காலரிலும் ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி விட்ட பிறகுதான், நடுநிலையில் சக்கரங்கள் உரசலின்றிச் சுழன்றன. அதுவரை எஞ்சின் ஏன் இவ்வளவு சூடாகிறது என்று எரிபொருள் கலவையைச் சரிசெய்யும் ஊசியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பிரேக்கின் எண்ட் பாயிண்டை 50 சதவீதத்திலிருந்து தொடங்கி, தரையில் காரைக் கையால் தள்ளிப் பார்த்து, சக்கரம் பூட்டும் இடத்துக்குச் சற்று முன்னால், 62 இல் நிறுத்தினேன். மண் தரையில் இதுவும் அதிகமாகத் தெரிந்ததால் பின்னர் 58 ஆக்கினேன்.

ஃபெயில்சேஃபை, அதாவது சிக்னல் அறுந்தால் சர்வோ தானாகப் போக வேண்டிய நிலையை, இவை அனைத்தும் முடிந்த பிறகு புதிதாகப் பதிவுசெய்தேன், ஏனெனில் எண்கள் மாறியபின் முன்பு பதிவான நிலை பிரேக்காகவே இருக்கும் என்று நம்ப முடியாது. எஞ்சின் அணைந்திருக்கையில் டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்தேன்; ஸ்லைடு மூடி, பிரேக் இலேசாக இறுகியது. 94, 58 என்ற இரு எண்களையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி, கார் மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.