ரோஸ் கலர் புட்டிக்குள் லாந்தனம்

அப்பா வயலுக்கு பிபிஎஃப்எம் வாங்கி வந்திருக்கிறார். வறட்சியில் பயிர் தாங்க இலையில் தெளிக்கும் பாக்டீரியா திரவம். மூடியைத் திறந்தால் ரோஸ் கலர்.

அதிலிருக்கும் மெத்திலோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவுக்கு, இலையிலிருந்து கசியும் மெத்தனால்தான் சோறு. அதைச் செரிக்கும் நொதிக்குக் கால்சியம் வேண்டும் என்றுதான் படித்தோம். கூடவே ஸாக்ஸ்-எஃப் என்று இன்னொரு நொதியின் மரபணுவும் இருந்தது. எதற்கென்று யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால் அது கேட்டது லாந்தனம், சீரியம் மாதிரி அருமண் உலோகங்களை!

நேப்பிள்ஸ் பக்கத்து எரிமலைச் சேற்றில் எடுத்த ஒரு பாக்டீரியா, அந்தச் சேற்றுத் தண்ணீரை ஊற்றினால்தான் ஆய்வகத்தில் வளர்ந்ததாம். காரணம் இந்த அருமண் உலோகங்கள்தான் என்று 2014-ல் தெரிந்தது.

மண்ணில் இவை லேசில் கரையாது. கவ்விப் பிடிக்கும் மூலக்கூறுகளை வெளியே விட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது பாக்டீரியா. உள்ளே லான்மாடுலின் என்ற புரதம்; 2018-ல் கண்டுபிடித்தார்கள். கால்சியத்தைவிடப் பத்து கோடி மடங்கு இறுக்கமாக இவற்றைப் பிடிக்குமாம். நம்ம மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமத்துக்குள் கிடப்பதும் இதே சீரியம்தான்.

எல்லாவற்றையும் அப்பாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"சரிப்பா, பூச்சிமருந்து அடிச்ச டேங்க் அது. நல்லா கழுவிட்டு ஊத்து, செத்துடப்போகுது."