குடைக் கம்பி உளிகள்

இரண்டு மலைகளுக்கு நடுவே சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம். 'இயற்கைக் காட்சி வரைக' என்றால் நம் வடசென்னைப் பள்ளியில் எல்லாரும் இதைத்தான் வரைந்தோம். தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் வளர்ந்த பையன்களுக்கு மலை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. 1983இல் வந்து சேர்ந்த ஓவிய ஆசிரியர்தான் கேட்டார். ஒவ்வொருவனையும் எழுப்பி, "இந்த மலையை நீ எங்கே பார்த்தாய்?" என்றார். ஒருவன் மட்டும் துணிந்து "திருப்பதி, சார்" என்றான். அவனுக்கு மதிப்பெண் கிடைத்தது. மற்றவர்கள் தாளைத் திருப்பி, தாங்கள் பார்த்த மரத்தையோ பறவையையோ தண்ணீரையோ வரையவேண்டும் என்றார். கூடவே ஒரு நிபந்தனை: படத்தில் ஆள் இருக்கவேண்டும், அந்த ஆள் சும்மா நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது.

கணக்கு ஆசிரியர்கள் கடன் வாங்கிக்கொண்டுபோகும் ஓவிய வகுப்பை அதன்பிறகு யாரும் கடன் கேட்க முடியவில்லை. சார் விடவில்லை என்பது ஒரு காரணம். வகுப்பறை முழுக்க ஈர மைத் தாள்கள் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது இன்னொரு காரணம். அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது லினோ அச்சு: லினோ துண்டில் படத்தைச் செதுக்கி, மை உருட்டி, தாளில் அச்சிடுவது.

லினோ என்பது பழைய காலத்துத் தரைவிரிப்பு. காய்ச்சி இறுகவைத்த ஆளிவிதை எண்ணெய், தக்கைத்தூள், மரப்பிசின் எல்லாவற்றையும் சேர்த்துச் சணல் துணிமேல் அழுத்திச் செய்வது. பிரடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1863இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். மரத்தைப்போல அதற்கு நார் ஓட்டம் கிடையாது. உளி எந்தப் பக்கம் திரும்பினாலும் இடம் கொடுக்கும். அதனால்தான் ஓவியர்கள் அதைத் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றினார்கள். வங்க ஓவியர் நந்தலால் போஸ் 1930இல் தண்டி யாத்திரைக்காகச் செய்த, கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாகத் தடியூன்றி நடக்கும் காந்தி, லினோவில் வெட்டியதுதான். அந்தப் படத்தின் நகல் ஒன்றைச் சார் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்திருந்தார்.

எங்களுக்கு வந்த லினோ மூர் மார்க்கெட்டில் எடைக்கு வாங்கியது, யாரோ பெயர்த்துப் போட்ட தரை. 1985இல் அந்த மார்க்கெட் எரிந்தபோது, புத்தகக் கடைகளுக்காக ஊரே வருந்தியது. எங்கள் வகுப்பு லினோவுக்காகவும் சேர்த்து வருந்தியது. உளிக்குச் சார் கண்டுபிடித்த வழிதான் எனக்கு இன்றும் வியப்பு. பழைய குடையின் எஃகுக் கம்பி உட்புறம் பள்ளமாக இருக்கும் அல்லவா? அதை விரல் நீளத்துக்கு வெட்டி, முனையைச் சாணைக்கல்லில் சாய்வாகத் தீட்டி, பம்பரக் கட்டையில் செருகினால் அருமையான வளைந்த உளி. லினோவை வெட்டுவதற்கு முன் மொட்டைமாடி வெயிலில் கொஞ்ச நேரம் வைக்கவேண்டும்; சூட்டில் இளகும். வடசென்னையில் அதற்கு மட்டும் பஞ்சமே இல்லை.

மைக்கு வண்ணாரப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும், காலால் மிதித்து இயக்கும் டிரெடில் இயந்திரம் வைத்த ஒரு அச்சகம் இருந்தது. அங்கே அச்சுக் கோக்கும் ஒரு கம்பாசிட்டர், ஈய எழுத்துகளைத் தலைகீழாகவும் இடவலம் மாறியும் நாளிதழ் வாசிப்பதைவிட வேகமாக வாசிப்பார். அச்சில் எல்லாம் இடம் மாறி விழும் என்பதை எங்களுக்கு மண்டையில் ஏற்றியவர் அவர்தான். அதையும் மீறி, 'எண்ணூர்' என்று நேராகவே செதுக்கிவிட்டு, அச்சடித்த தாளைக் கண்ணாடிமுன் பிடித்துக்கொண்டு நின்ற நண்பன் இப்போது நம் பழைய மாணவர் சங்கத்தின் முக்கியப் பொறுப்பில் இருக்கிறான். பெயர் சொல்லமாட்டேன். அந்த அச்சகத்துக்காரர் தம் தாத்தா காலத்து மரச்செதுக்குக் கட்டைகள் சிலவற்றை எங்களுக்குக் காட்டினார். குஜிலிக் கடைகள் என்ற பழைய சென்னைச் சந்தைக் கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களின் அட்டைக்காக வெட்டியவை. ஆக, நாங்கள் செய்தது வெளியூர்ச் சரக்கு ஒன்றும் இல்லை.

எண்ணூருக்கு எங்களைச் சார் கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் அழைத்துப்போனார். கொசஸ்தலையாறு கடலைச் சேரும் கழிமுகம். மடவையும் நண்டும் இறாலும் கிடைக்கும் உப்பங்கழி. எதிர்க்கரையில் உப்புநீரில் வளரும் கண்டல் புதர், இந்தப் பக்கம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி. மார்பளவுத் தண்ணீரில் இருளர் பெண்கள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது கூடையை வேறு எப்படித்தான் பிடிப்பது? கரையேறிய ஒரு அம்மாவிடம் "சேற்றுக்குள் எப்படித் தெரிகிறது?" என்று கேட்டேன். "கண்ணால் தேடினால் எப்படிக் கிடைக்கும், தம்பி? விரல் இடுக்கில் துடிக்கும்" என்றார்.

அதைத்தான் நான் வெட்டினேன். பென்சிலில் வரையும்போது தண்ணீர் தனி, ஆள் தனி என்று கோடு போட்டுப் பிரித்திருந்தேன். சார் உளியை வாங்கி, புடவை மடிப்பில் தொடங்கிய ஒரு வெட்டை நிறுத்தாமல் அப்படியே அலைக்குள் இழுத்துவிட்டார். லினோவில் அது முடியும். எடுத்தது வெள்ளை, விட்டது மை, அவ்வளவுதான். புடவை எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று அது கேட்காது.

வண்ணம் சேர்த்ததுதான் பெரிய வேலை. ஜப்பானியர்கள் 1765 முதல் வண்ணத்துக்கு ஒரு கட்டை என்று தனித்தனியே வெட்டி, மூலையில் செதுக்கிய அடையாளத்தில் தாளைப் பொருத்தி அச்சிட்டார்கள். அத்தனை லினோவுக்கு நாங்கள் எங்கே போவது? ஆகவே ஒரே துண்டில் எல்லா வண்ணமும். வெள்ளையாகவே நிற்கவேண்டிய இடங்களை மட்டும் முதலில் எடுத்துவிட்டு, மீதி முழுவதிலும் வெளிர்மஞ்சள் உருட்டி எல்லாத் தாள்களிலும் அச்சிடவேண்டும். பிறகு மஞ்சளாக நிற்கவேண்டியதைச் செதுக்கி எடுத்துவிட்டுப் பச்சை. பச்சையாக நிற்கவேண்டியதை எடுத்துவிட்டு நீலம். கடைசியில் லினோவில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும், அது கறுப்பு. படம் முடியும்போது கட்டையும் முடிந்துபோகும். இன்னொரு பிரதி வேண்டுமென்றால் கிடையாது. பிக்காசோ 1950களின் இறுதியில் இந்த முறையில் நிறையச் செய்து புகழ்பெற்றார் என்று சார் சொன்னபோது, அவருக்கும் லினோ தட்டுப்பாடா என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

தாள் நகராமலிருக்கப் பலகையில் இரண்டு ரீப்பர் கட்டைகளைச் செங்கோணமாக அடித்திருந்தோம். அச்சு இயந்திரம் கிடையாது. தாளின் முதுகில் எவர்சில்வர் கரண்டியின் அடிப்பக்கத்தால் தேய்ப்போம். கார்த்திகை மழையில், கடற்காற்றின் ஈரத்தில், எண்ணெய் மை காயவே காயாது. பச்சை காய்வதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிட்டது.

மற்றவர்கள் செய்தவற்றில் திருவொற்றியூர்ப் படம் ஒன்று நினைவிருக்கிறது. கோயிலின் தலமரமான மகிழம். அதன் அடியில்தான் சங்கிலியாரைப் பிரியேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தார் என்பது ஊர்க்கதை. எங்கள் வகுப்புக்காரன் சுந்தரரை விட்டுவிட்டு, உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருக்கும் இரண்டு சிறுமிகளை வெட்டியிருந்தான். சாருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

இப்போது மெல்பர்னில், வேலை முடிந்த மாலைகளில், ஒரு பொதுப் பட்டறையில் லினோ வெட்டுகிறேன். இந்த நாட்டிலும் செதுக்கி அச்சிடுவதற்கு நல்ல மரபு உண்டு. ஓவியர் மார்கரெட் பிரஸ்டன் 1920களிலேயே பாங்க்சியா போன்ற உள்ளூர்ப் பூக்களை மரத்தில் செதுக்கி அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டினார். சென்ற ஆண்டு பட்டறைக் கண்காட்சிக்குத் தலைப்பு 'மனிதரும் இயற்கையும்'. வந்த படங்களில் பாதிக்குமேல் ஒரே மாதிரி: பாறைமேல் நமக்கு முதுகு காட்டி ஒருவர் நிற்கிறார், எதிரே மலை அல்லது அந்திவானம். வேலைப்பாடு என்னுடையதைவிடத் தேர்ந்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த ஆளை எடுத்துவிட்டாலும் படத்துக்கு ஒன்றும் ஆகாது. நான் எண்ணூரைத்தான் மறுபடியும் வெட்டினேன். "புகைபோக்கி இருக்கிறதே, இதில் இயற்கை எங்கே?" என்று ஒரு பெண்மணி கேட்டார். பறியைச் சுட்டிக்காட்டினேன். அது உணவுக்கூடை என்று புரிந்ததும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய படத்தில் முதல் வண்ணம் மஞ்சள் இல்லை, சாம்பல். 2024 பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது கழிமுகத்துக்குப் போயிருந்தேன். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதையும், வாளியால் மொண்டு எடுத்ததையும் நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மறுபடி கழிமுகத்துக்குள் வந்தது. கூழைக்கடாக்களின் இறகில்கூட அது ஒட்டியிருந்தது. நான் போனபோது கண்டல் தண்டுகளில் ஓர் ஆள் உயரத்துக்குக் கறை இருந்தது. தண்ணீரில் பெண்கள் இருந்தார்கள். முன்பு கால் வைத்தால் வழுக்கும், இப்போது அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து சேறு இறுகிவிட்டது என்றார் ஒருவர். எண்ணெயைக் கறுப்பாகப் பூசி ஒரு கண்டனச் சுவரொட்டி செய்திருக்கலாம், எளிது. நான் கறுப்பைப் புருவத்துக்கும் பறியின் பின்னலுக்கும் வைத்துக்கொண்டேன். எண்ணெய், முழங்கையில் ஒரு பழுப்புக் கோடு மட்டும்.

அந்தப் படம்தான் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது. மூலப் பிரதி ஒன்றைப் பள்ளிக்கு அனுப்புகிறேன். இப்போதைய ஓவிய ஆசிரியை பிள்ளைகளுக்கு லினோ தொடங்க விரும்புவதாக எழுதியிருக்கிறார். லினோவை இங்கிருந்து நான் வாங்கி அனுப்பிவிடுவேன். டிசம்பரில் சென்னை செல்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய நீளக் குடைகளைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். எஃகுக் கம்பியாக இருக்கவேண்டும். மடக்குக் குடையின் அலுமினியக் கம்பியில் கூர் நிற்காது.